வலது ஃபிளாப்பில் ஆட்டம்

ஜூலை 3, புதன்

டாங்கோ கிலோவை இன்று ஹேங்கருக்குள் தள்ளினோம். எங்கள் பயிற்சிப் பள்ளியில் இருக்கும் ஒரே இரட்டை எஞ்சின் விமானம் இதுதான். ஆறு பேர் உட்காரலாம். மற்றதெல்லாம் ஒற்றை எஞ்சின் குஞ்சுகள். வருடத்துக்கு ஒருமுறை இதை அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்து மாட்ட வேண்டும். ஆடிக்காற்று ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஹேங்கர் கதவை மூன்று பேர் பிடித்தும் அது எங்களை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

கேப்டன் ஃபெலிக்ஸ் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், பள்ளிக்குத் தலைமைப் பயிற்சியாளர். சுற்றி வளைத்துப் பேசவே தெரியாது அவருக்கு.

"சார், மேடத்துக்கு ஹைதராபாத்துல வேலை உறுதியாயிட்டு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி சேரணுமாம். டாங்கோ கிலோ வெளிய வந்த அன்னைக்கே விட்டுடுதேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

எனக்கென்ன? ஒன்றும் இல்லை என்றேன்.

மேடம் என்றால் சாரதாமணி. என் மனைவி, எனக்கு மணி. இங்கே லைசென்ஸ் உள்ள பராமரிப்பு என்ஜினியர்கள் இரண்டே பேர், நானும் அவளும். பொங்கலிலிருந்து தாராபுரத்தில் அவள் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கி "குட்மார்னிங் சார்" என்கிறாள். கட்டிய நாளிலிருந்து இதே ஹேங்கரில் நாலு பேர் நடுவே "ஏனுங்க" என்று கூப்பிட்டவள். சார் என்று சொல்லும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ராத்திரிக்குத் தோசை. மாவு புளித்துப்போய்விட்டது. தின்றேன்.

ஜூலை 5, வெள்ளி

எஞ்சின் வேலையை மணி எடுத்துக்கொண்டாள். இறக்கை வேலை எனக்கு.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீலில் தொங்கும் நீளப் பலகை. தரையிறங்கும்போது அதைக் கீழே இறக்கினால் வேகம் குறையும், விமானம் மெதுவாகவும் விழாமலும் வரும். எங்கள் வண்டியில் அதற்கு மோட்டார் கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் கார் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு லீவர். இழுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று இறங்கி ஒன்று இறங்காமல் போனால் விமானம் புரளும். தரைக்குப் பக்கத்தில் புரண்டால் அப்புறம் பேச்சே இல்லை.

வலது ஃபிளாப்புக்கு இன்னொரு பாவமும் உண்டு. ஏறுகிறவர்கள் அதன்மேல்தான் கால் வைத்து ஏறுகிறார்கள். மேலே மடங்கியிருக்கும்போது ஒரு பூட்டு விழுந்து எடையைத் தாங்கும். ஆகவே இடதைவிட வலது சீக்கிரம் தேயும். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வைத்தேன். காங்கேயத்து மண், கருஞ்சிவப்பாக வடிந்தது.

டெக்னீஷியன் ஆறுச்சாமி சும்மா இருக்க மாட்டான். "சார், இதுமேல ஏறி ஏறிப் பாவம், ஒண்ணுஞ் சொல்லாமத் தாங்குதுங்க" என்றான். எதைப் பற்றிச் சொன்னானோ. கம்முனு வேலையைப் பாரு என்றேன்.

ஜூலை 8, திங்கள்

வலது ஃபிளாப்பை மாட்டிப் பின்விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கீல் புஷ்ஷில், அதாவது கீலுக்குள் இருக்கும் உலோக வளையத்தில், ஆட்டம் இருக்கிறது.

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அளவுக்குள்தான் என்று கையேடு சொல்லும். சொல்லட்டும். கையேடு எழுதினவன் ஆடிக்காற்றில் இங்கே வந்து இறங்கிப் பார்த்தானா?

கட்டுப்பாட்டுப் பாகம் எதைத் தொட்டாலும் ஒருவர் வேலை செய்ய வேண்டும், இன்னொரு என்ஜினியர் தன் கண்ணால், தன் கையால் தனியாகப் பார்க்க வேண்டும். வேலை செய்தவன் பேச்சை நம்பக் கூடாது. அவன் தப்பு செய்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். அப்புறம்தான் இரண்டு கையெழுத்து. மணி அப்படிப் பார்ப்பதில் கெட்டிக்காரி. வேலையில் அவள் என் தப்பைச் சொன்னால் எனக்குக் கோபமே வந்ததில்லை. வீட்டில் சொன்னால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ.

அவளைக் கூப்பிட்டேன். வந்து பிடித்து ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். பிறகு ஃபிளாப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டம் இருக்குதா?" என்றேன்.

மறுபடி ஃபிளாப் பக்கம் திரும்பி, "இருக்குதுங்க சார்" என்றாள்.

புஷ் பெங்களூரிலிருந்து வர வேண்டும். இரண்டு வாரம் ஆகலாம். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதுகாப்பு என்றால் பாதுகாப்புதான் என்று சொல்லிவிட்டேன். எனக்கே என் குரல் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

ஜூலை 9, செவ்வாய்

ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 12, வெள்ளி

வேலை இல்லை, காத்திருப்புதான். மத்தியானம் டூல் தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் மணி டிபன் பாக்ஸைத் திறந்தாள். இத்தனை நாளாக ஸ்டோர் ரூமில் போய்ச் சாப்பிட்டவள். கொள்ளுப் பருப்பு வாசம் ஹேங்கர் முழுக்க.

"வூட்ல பாத்ரூம் பைப்பு இன்னும் ஒழுகுதுங்களா?" என்றாள்.

"ஒழுகுது."

"வாசர் மாத்துனா நின்னுரும்."

"மாத்தோணும்."

அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சோறு தீர்ந்த பிறகும் பாக்ஸை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். கீலுக்கு இப்போது போடும் கிரீஸைவிடப் பழைய கிரீஸ்தான் இந்த மண்ணுக்கு நின்றது என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து கை கழுவப் போனாள்.

நல்ல நாள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டு ஆறுச்சாமி கொண்டுவந்திருந்தான். வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் வெந்து மணத்தது. ஆளுக்கொரு சில்லு.

"ஏனுங் சார், ஆடிக்குப் புதுப் பொண்ணத்தான் அம்மா வூட்டுக்கு அனுப்புவாங்க. நீங்க பழைய பொண்ண தையிலயே அனுப்பிட்டீங்களே" என்றான். மணி காதில் விழுந்துவிட்டது. முகம் கொடுக்காமல் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவனை அப்புறம் தனியாகக் கூப்பிட்டு ஏசினேன்.

நான் ஒன்றும் அனுப்பவில்லை. அவளாகப் போனாள். போன வருஷம் வைகாசியில் அவள் தம்பி கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவுக்கு இணைச்சீர் உண்டு. கூறைப்புடவை கட்டிக் கூடையோடு மணவறையில் தம்பி பக்கத்தில் அவள் நிற்க வேண்டும், ஊரே பார்க்கும். அன்று இங்கே டாங்கோ கிலோவுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. நான் வராததை அவள் பந்தியில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாளாம். டயரை ஆறுச்சாமியே மாற்றியிருப்பான் என்று பின்னால் சொன்னாள். மாற்றியிருப்பான்தான். கையெழுத்துக்கு நான் சாயந்திரம் வந்திருந்தாலும் போதும்.

அதற்காக அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். "ஏன் வரலைன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். வேலை என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கக் கேட்க நான் வேலை வேலை என்றுதான் சொன்னேன் போலிருக்கிறது. கல்யாணக் கூட்டம் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 19, வெள்ளி

புஷ் வந்துவிட்டது, சொன்னதற்கு முன்னாலேயே. பெங்களூர்க்காரன் என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு.

மாட்டினேன். மணி பார்த்து, "இப்பச் சரியா இருக்குதுங்க சார்" என்றாள். கேப்டன் வாசலில் நின்று, "அப்ப திங்கக்கிழமை பறக்கலாமா?" என்றார்.

கோணமானியை வைத்து இரண்டு பக்கமும் இறக்கிப் பார்த்தேன். முழுக்க இறக்கும்போது வலதுக்கும் இடதுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரிந்தது. லீவரிலிருந்து வந்து ஃபிளாப்பை அசைக்கும் தள்ளுகம்பியின் நீளத்தை மாற்றி மறுபடி சரிசெய்ய வேண்டும் என்றேன். மணி என் கையிலிருந்து கோணமானியை வாங்கி வைத்துப் பார்த்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

"ஆமாங்க சார். கொஞ்சம் வித்தியாசம் இருக்குது" என்றாள்.

கேப்டன் கத்திவிட்டுப் போனார். இரட்டை எஞ்சின் தேர்வுக்கு மூன்று பிள்ளைகள் விடுதியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். அதில் ஒரு பெண் தினமும் வந்து ஹேங்கர் வாசலில் எட்டிப் பார்க்கிறாள். அவளைப் பார்த்தால்தான் சங்கடமாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

ஹைதராபாத்திலிருந்து மணிக்கு ஃபோன். காற்றுச் சத்தத்தில் கேட்காமல் ஓடுதளத்துப் பக்கம் போய்ப் பேசினாள். பறந்த முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் ஃபோன். ஒரு வாரம் கூடத் தேவைப்படலாம் என்று கேட்டிருக்கிறாளாம். அவர்கள் முகம் சுளித்தார்களாம். ஆறுச்சாமி சொன்னான்.

தாராபுரம் போய் அரைக் கிலோ கறி எடுத்துவந்து வறுத்தேன். சும்மாதான், தின்ன வேண்டும் போலிருந்தது. உப்பு கூடிவிட்டது.

ஜூலை 24, புதன்

இன்று பேசிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்தேன். ஷேவ் பண்ணிக்கொண்டேன். வண்டியில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தள்ளுகம்பியைப் பிடித்துக்கொள்ள அவள் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறுச்சாமி டீ வாங்கப் போயிருந்தான்.

"மணி" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளிவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

"இந்த லாக் நட்டை இன்னொருக்கா பாத்தறலாமா?" என்றேன்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

நான் ஒரு முட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

தள்ளுகம்பியை மறுபடி கழற்றி மாட்டினேன். மூன்றாவது தடவை. கேப்டன் நாளைக்குக் கையெழுத்து வேண்டும் என்றார். கொடுக்கிறேன் என்றேன். கையெல்லாம் அசதி. பைப் இன்னும் ஒழுகுகிறது.

ஜூலை 27, சனி

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மணி இறக்கைக்கு அடியில் டார்ச் வைத்து இரண்டாவது சோதனை செய்துகொண்டிருந்தாள். நான் எஞ்சின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இங்க வாங்க."

பொங்கலுக்கப்புறம் அவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்கிறேன். வயதை மறந்து ஓடினேன்.

வலது தள்ளுகம்பியை ஃபிளாப்போடு கோக்கும் போல்ட்டில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். நட்டு கழன்று வராமல் அதன் குறுக்கே ஒரு சிறு கம்பிப் பின்னைச் சொருகிக் காலை மடக்கிவிட வேண்டும். பின் இல்லை. ஒற்றை விரலால் நட்டைத் தொட்டாள். சுற்றியது.

நாலு தடவை ஏறி இறங்கியிருந்தால் நட்டு விழுந்திருக்கும். அப்புறம் போல்ட். அப்புறம் வலது ஃபிளாப் சட்டென்று மேலே போய்விடும், இடது கீழேயே நிற்கும். வாசலில் எட்டிப் பார்க்கும் அந்தப் பெண் ஓட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

"ஆறுச்சாமியண்ணா, போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள் மணி. அவன் ஒன்றும் கேட்காமல் போனான்.

"உங்க வேலையில நா இப்புடிப் பாத்ததே இல்லீங்க" என்றாள்.

"தூக்கம் செரியில்ல."

"நல்லா இருந்ததக் கழட்டிக் கழட்டி மாட்டுனா இப்புடித்தான் ஆவும்."

"ஆட்டம் இருந்துதில்ல?"

"எங்க இருந்துது? மொத நாளு கையில புடிச்சப்பவே தெரியுங்க. அதுல ஒரு ஆட்டமும் இல்ல. கோணத்துலயும் ஒரு வித்தியாசமும் இல்ல."

"பின்ன ஏன் இருக்குதுன்னு சொன்னே?"

டார்ச்சை அணைத்தாள். "நீங்க சொன்னீங்க, அதான். என்னமோ எங்கிட்டப் பேசோணும், அதுக்கு நாள் கேக்கறீங்கன்னு நெனச்சேன். செரி, குடுப்போம்னு குடுத்தேன். எதுத்தாப்புல வந்து உக்காந்து சோறு தின்னேன். ஹைதராபாத்துக்காரங்ககிட்டக் கெஞ்சி ஒரு வாரம் கூடக் கேட்டேன். இன்னைக்குப் பேசுவாரு, நாளைக்குப் பேசுவாருன்னு பாத்தேன். கிரீஸப் பத்திப் பேசுனீங்க."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சக்கரத்தைப் பார்த்தேன்.

"இல்லாததை இருக்குதுன்னு நானும்தானுங்க கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் சேந்துட்டா அப்பறம் எதுக்குங்க ரெண்டு பேரு? இன்னைக்கு நா சித்தெ அசந்திருந்தா ஒரு புள்ள செத்துருக்கும்."

அழுதாள். சத்தமில்லாமல், டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் கை வைத்திருக்கலாம். கையில் கிரீஸ் இருக்கிறதே என்று யோசித்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "இப்பவாச்சும் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

நீ வேண்டும். வீட்டுக்கு வா. நாலு வார்த்தை. ஹேங்கரில் யாரும் இல்லை, கேட்கிறவள் இதோ எதிரில் இருக்கிறாள், கேட்டும் விட்டாள்.

"பின் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

ஸ்டோருக்குப் போய்ப் பின்னை எடுத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னைச் சொருகிக் காலை மடக்கினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"செரிங்க சார்" என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. பைப்புக்கு வாசர் மாற்றினேன். நின்றுவிட்டது.

ஜூலை 29, திங்கள்

இரண்டு பேரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தோம். பின் விட்டுப்போனதை நானே கேப்டனிடம் சொன்னேன். மணி சொல்ல மாட்டாள் என்று தெரியும், அதனால்தான் சொன்னேன். கேப்டன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மேடம் பாத்தாங்கல்லா? அதுக்குத்தான ரெண்டு பேரு" என்றார். இனி மணிக்குப் பதிலாக வரப்போகும் புது ஆள் எப்படிப் பார்ப்பான் என்று அவரும் யோசித்திருப்பார்.

சாயந்திரம் மணிக்கு வழியனுப்பு. மிக்சர், கேக், குளிர்பானம். பயிற்சிப் பிள்ளைகள் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "திறமையான என்ஜினியர்" என்றேன். கை தட்டினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஈரோட்டில் ரயில் என்று மணி ஆறுச்சாமியிடம் சொன்னாள். என் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

ஜூலை 31, புதன்

சோதனைப் பறப்பு. பராமரிப்பு முடிந்தால் என்ஜினியரும் ஏறிப் பறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். "காலையிலயா, மத்தியானமா சார்? எனக்கு எப்பன்னாலும் சரி" என்று கேப்டன் நேற்றே கேட்டார். ஆடி மாதம் மத்தியானக் காற்று பேய் மாதிரி அடிக்கும், யாராக இருந்தாலும் காலையில்தான் பறப்பார்கள். காலையில் முடித்தால் மத்தியானத்துக்கு ஈரோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். மத்தியானம் என்றேன். கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வலது இறக்கையில் கால் வைத்து ஏறினேன். பூட்டு தாங்கியது. மேலே போனதும் கேப்டன் லீவரை ஒவ்வொரு படியாக இழுத்தார். முதல் படி. இரண்டாவது. முழுக்க. இரண்டு பக்கமும் ஒன்றாக, ஒரு துளிச் சாய்வு இல்லாமல் இறங்கின. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். "பாருங்க, கையை விட்டுட்டேன். நேராப் போகுது. இப்படி ஒரு ஃபிளாப் நான் பாத்ததில்லை சார்."

கீழே காற்றாலைகள், தென்னந்தோப்புகள், அமராவதியில் கொஞ்சம் தண்ணீர். இறங்கும்போது பக்கக்காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. கேப்டன் பத்திரமாக இறக்கினார். அந்தப் பெண் ஓடுதள ஓரத்தில் நின்று கை தட்டினாள்.

எஞ்சின் அடங்கியதும் ஹேங்கருக்குப் பின்னால் போய் மணிக்கு ஃபோன் போட்டேன். இந்தத் தடவை தயங்கவில்லை. கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதே தீர்மானித்துவிட்டேன். எடுத்தவுடன் சொல்லிவிட வேண்டும். திரும்பி வா மணி, இல்லாவிட்டால் நான் அங்கே வருகிறேன், எனக்குக் கல்யாணக் கூட்டத்தைக் கண்டால் பயம், உன்னைக் கண்டால் பேச்சு வராது, வேறு ஒரு காரணமும் இல்லை. எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது.

எடுத்தாள். ரயில் ஓடும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"ஃபிளாப் நல்லா இருக்குதுங்களா?"

கோபம் இல்லை அந்தக் குரலில். கிண்டலும் இல்லை. நான் அதற்காகத்தான் கூப்பிட்டிருப்பேன் என்று அவள் நம்பினாள், அவ்வளவுதான்.

"நல்லா இருக்குது" என்றேன்.

"செரிங்க" என்று வைத்துவிட்டாள்.